கேளிக்கை வனங்களின் சரித்திரம் – 9: நாளைய உலகத்தின் உபயதாரர்கள்

கலிபோர்னியாவில் ஆனஹைம் என்னும் சிற்றூரின் அருகே 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை விலைக்கு வாங்கி, 1954-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மரங்களை வெட்டிச் சாய்க்கத் தொடங்கி, அடுத்த ஜூலைக்குள் அங்கே ஒரு மாய நகரத்தை எழுப்பிவிட வேண்டுமென்று வால்ட் டிஸ்னி நாள் குறித்துக்கொண்ட இடத்தில் சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். அந்த நகரத்தில் கோட்டை எங்கே, நதி எங்கே, ரயில் எங்கே என்பதெல்லாம் அவர் மனத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தன; பணம் எங்கே என்ற ஒன்றுதான் முடிவாகவில்லை. அந்தப் பணம் வந்த வழியை இந்தப் பகுதியில் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்று எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்குள் போனாலும், சவாரிக்கொரு குளிர்பானக் கம்பெனியும், அரங்குக்கொரு மோட்டார்க் கம்பெனியுமாகப் பெயர்ப் பலகைகள் தொங்குவதைப் பார்க்கிறோம். கட்டி முடித்த கட்டடத்தின் மேல் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட விளம்பரம் அது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்தத் தொழிலின் கணக்கைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு வரிசை நேர்மாறானது என்பது விளங்கும்: பெரும்பாலான இடங்களில் பெயர்ப் பலகைக்கு விலை பேசி முடித்த பிறகுதான் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

இந்த ஏற்பாட்டை டிஸ்னி கண்டுபிடித்தார் என்று சொல்வது தவறு. அவருடைய தகப்பனார் எலியாஸ், 1893-ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த கொலம்பிய உலகப் பொருட்காட்சியில் தச்சு வேலை செய்தவர். அதே பொருட்காட்சியில், பிட்ஸ்பர்க் நகரத்து உணவு வியாபாரியான ஹென்றி ஹைன்ஸ் என்பவருக்குத் துரதிருஷ்டவசமாக மாடியில் இடம் கிடைத்தது. நாள் முழுவதும் நடந்து கால் சலித்த ஜனங்கள், ஊறுகாய்ப் புட்டிகளைப் பார்ப்பதற்காகவா படியேறுவார்கள்? அவர் சிறு சீட்டுகளை அச்சிட்டு மைதானமெங்கும் வழங்கச் செய்தார். சீட்டுடன் மாடிக்கு வருகிறவர்களுக்கு, கடிகாரச் சங்கிலியில் கோத்துக்கொள்ளத்தக்க பச்சை வெள்ளரிக்காய்ப் பொம்மை ஒன்று இலவசம். கூட்டம் நெருக்கியடித்ததில் மாடித்தளத்தையே முட்டுக் கொடுத்து வலுப்படுத்த நேர்ந்தது என்று சொல்வார்கள். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1898-ல், அவரே அட்லாண்டிக் சிட்டியின் கடற்கரையில், சமுத்திரத்துக்குள் நீண்டு செல்லும் ஒரு மரத் துறைமேடையை வாங்கி, கட்டணமின்றி உள்ளே வரலாம், உட்காரலாம், ருசி பார்க்கலாம், எதையும் வாங்க வேண்டியதில்லை என்ற முறையில் நடத்தத் தொடங்கினார். 1944-ஆம் வருஷத்துப் புயல் அதைக் கொண்டுபோகும் வரையில் அந்தத் துறைமேடை உல்லாசப் பிரயாணிகளை வரவேற்றுக்கொண்டிருந்தது. விற்கிற இடத்தில் விற்பதைக் காட்டிலும், விளையாடுகிற இடத்தில் விற்காமல் நிற்பதற்கு அதிக மதிப்பு உண்டு என்னும் சூக்ஷ்மத்தை அந்த ஊறுகாய் வியாபாரி கண்டுகொண்டார்.

அதன் பிறகு 1939-ல் நியூயார்க் பொருட்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி நடத்திய ‘ஃபியூச்சராமா’ இந்தக் கலையை வேறொரு படிக்கு ஏற்றியது. நார்மன் பெல் கெடிஸ் என்னும் நாடக அரங்க நிபுணர் அமைத்துக் கொடுத்த அந்த மண்டபத்தில், ஜனங்கள் நகரும் நாற்காலிகளில் அமர்ந்தபடி, 1960-ஆம் ஆண்டின் அமெரிக்காவை ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அகன்ற நெடுஞ்சாலைகளில் லட்சணமாக மோட்டார்கள் ஓடின. வெளியே வரும்போது, எதிர்காலத்தைக் கண்டுவிட்டோம் என்று அறிவிக்கும் சின்னம் ஒன்றைச் சட்டையில் குத்தி அனுப்பினார்கள். அந்த எதிர்காலத்தில் டிராம் வண்டிக்கும் ரயிலுக்கும் அதிகமாக இடமில்லை என்பதை அன்று கேட்டவர் சிலரே. எதிர்காலம் ஒன்றைக் காட்ட வேண்டுமானால் அதற்கொரு கம்பெனி செலவு செய்ய வேண்டும், செலவு செய்கிற கம்பெனியின் சரக்கு அந்த எதிர்காலத்தில் தாராளமாக இருக்கும் என்கிற நியதி அங்கேதான் நிலைபெற்றது. நம் கதையின் ஏனைய பாகம் முழுவதும் இந்த நியதியின் விரிவுரை என்றே சொல்லலாம்.

இனி ஆனஹைமுக்கு வருவோம். வங்கிக்காரர்களுக்குக் கேளிக்கைப் பூங்கா என்றால் ராட்டினமும் சூதாட்டமும் சில்லறைத் திருட்டும் நிறைந்த இடம் என்ற எண்ணம். ஆகையால் டிஸ்னியின் மூத்த சகோதரரான ராய், ஒரே வார இறுதியில் ஹெர்பர்ட் ரைமன் என்ற ஓவியரைக் கொண்டு எழுதுவித்த பெரிய வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, 1953-ஆம் ஆண்டில் நியூயார்க்குக்குப் போய் டெலிவிஷன் கம்பெனிகளின் கதவைத் தட்டினார். பெரிய கம்பெனிகள் இரண்டும் இசையவில்லை. மூன்றாவதாகத் தள்ளாடிக்கொண்டிருந்த ஏ.பி.சி. இசைந்தது. அது 5 லட்சம் டாலர் ரொக்கம் போட்டு, 45 லட்சம் டாலர் வரை கடனுக்கு ஜாமீன் நின்று, பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தனக்கென்று பெற்றுக்கொண்டது. வாரந்தோறும் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை டிஸ்னி தயாரித்துக் கொடுக்க வேண்டுமென்பது உடன்பாட்டின் மறுபாதி. டிஸ்னியின் சித்திரக் கதைப் புத்தகங்களை அச்சிட்டு வந்த வெஸ்டர்ன் அச்சகமும் ஒரு பங்கு எடுத்தது. ஆனால் பூங்காவின் மொத்தச் செலவோ ஏறக்குறைய 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு ஏறிக்கொண்டிருந்தது. மிஞ்சிய பள்ளத்தை நிரப்ப வந்தவர்கள்தான் குத்தகைதாரர்கள்.

இவர்களைத் தேடிப் பிடித்துக் கொணர்ந்தவர் ஸி. வி. வுட் என்னும் டெக்ஸஸ்காரர். பூங்காவுக்கு எந்த ஊர் பொருத்தம் என்று ஆராய்ந்து சொல்வதற்காக அமர்த்தப்பட்ட ஆராய்ச்சி ஸ்தாபனத்திலிருந்து வந்து, பூங்காவின் முதல் ஜெனரல் மானேஜராக உட்கார்ந்தவர். எதிரே இருப்பவன் வாங்க வேண்டும் என்று நினைக்கும் முன்பே அவனுக்கு விற்றுவிடக் கூடிய வாக்குச் சாதுரியம் படைத்தவர். இன்னும் செங்கல் வைக்காத கடைகளுக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, முன்பணமும் வாங்கி, அந்தக் குத்தகைப் பத்திரங்களையே கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கைப் பத்திரமாகக் காட்டும் வித்தையில் அவருக்கு நிகர் யாருமில்லை. சிகாகோவின் மாமிச வியாபாரியான ஸ்விஃப்ட் கம்பெனி ஓர் உணவு விடுதியை ஏற்றுக்கொண்டது; கார்னேஷன் ஐஸ்கிரீம் கடையை ஏற்றது; கோடக் காமிராக் கடையை ஏற்றது; சான்டா ஃபே ரயில்வே தன் பெயரை, டிஸ்னி தம் சொந்தப் பணத்தில் செய்த குட்டி ரயிலுக்குச் சூட்டுவதற்காகப் பணம் கொடுத்தது; பாங்க் ஆஃப் அமெரிக்கா, பிரதான வீதியில் நிஜமாகவே ஒரு கிளையைத் திறந்தது. இவ்வளவு செய்த வுட், பூங்கா திறந்து ஆறு மாதத்துக்குள் வெளியேற்றப்பட்டுவிட்டார். அவர் பிறகு வேறு பூங்காக்களைக் கட்டிய கதை தனி.

குத்தகைதாரர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். கலாமஜூவைச் சேர்ந்த அப்ஜான் மருந்துக் கம்பெனி, நூற்றாண்டின் தொடக்கத்தில் மருந்துக் கடை எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஒன்றை, பழைய ஜாடிகள் தராசுகள் எல்லாம் தேடிப் பிடித்து வைத்து ஜோடித்தது. அங்கே ஒன்றும் விற்பனைக்கில்லை. வருகிறவர்களுக்கு ஒரு சின்னஞ்சிறு புட்டியில் வைட்டமின் மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்து அனுப்புவார்கள். பதினைந்து வருஷம் இவ்விதம் நடத்தினார்கள். அதே வீதியில் மற்றொரு கடை, ஹாலிவுட்-மாக்ஸ்வெல் என்னும் பெண்டிர் உள்ளாடைக் கம்பெனியுடையது. அங்கே இயந்திரப் பதுமை ஒன்று சுழலும் மேடையில் நின்று, கச்சைகளின் சரித்திரத்தை ஆதிகாலம் தொடங்கிப் பிரசங்கம் செய்தது. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குடும்பஸ்தர்கள் இந்தப் பிரசங்கத்தைக் கேட்டு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களோ, 1956-ஆம் ஆண்டிலேயே கடை மூடப்பட்டது. அப்ஜானும் மாக்ஸ்வெல்லும் ஒரே வீதியில் வாடகை கொடுத்தவர்கள். ஒருவர் ஹைன்ஸின் சூக்ஷ்மத்தை அறிந்திருந்தார், மற்றவர் அறியவில்லை. சிற்றுண்டி வியாபாரியான ஃப்ரிட்டோ கம்பெனிக்கு வேறு விதமான அதிர்ஷ்டம். அது நடத்திய மெக்ஸிகோ பாணி உணவு விடுதியில், மிஞ்சிய சோள ரொட்டியைத் துண்டுகளாக்கிப் பொரித்து மசாலைத் தூவி வைத்ததிலிருந்துதான், 1966 முதல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த ‘டொரிட்டோஸ்’ பிறந்தது என்று சொல்லப்படுகிறது. உண்மையானால், வாடகை கொடுத்த இடத்தில் இதைவிடப் பெரிய பிரதிபலன் பெற்றவர் எவருமில்லை.

1955 ஜூலை 17-ஆம் தேதி பூங்கா திறந்தபோது நேர்ந்த அலங்கோலங்கள் பிரசித்தமானவை. புதிதாகப் போட்ட தார் இளகிக் காலணிகளைப் பிடித்துக்கொண்டது. போலிச் சீட்டுகளோடு வந்தவர்கள் கணக்கில்லை. அவற்றில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாக, குடிதண்ணீர்க் குழாய்களா கழிப்பறைகளா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைமை வந்தது; கழிப்பறைகள்தாம் அவசியம் என்று முடிவாயிற்று. அன்று வெயிலோ கொளுத்தியது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த ஜனங்களும் பத்திரிகைக்காரர்களும், குளிர்பானக் கம்பெனிகளுக்கு விற்பனை பெருகட்டுமென்று வேண்டுமென்றே செய்த சதி இது என்று குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டு நியாயமானதன்று. ஆனாலும், ஒவ்வொரு மூலையிலும் ஒரு கம்பெனியின் பெயரை எழுதி வைத்த பிறகு, நேர்கிற ஒவ்வொரு குறைக்கும் ஒரு கம்பெனியின் லாபத்தைக் காரணமாகக் காண்பதற்கு ஜனங்களுக்கு உரிமை ஏற்பட்டுவிடுகிறது. இது டிஸ்னி எதிர்பாராத செலவு.

பூங்காவின் மற்றப் பகுதிகளில் கம்பெனிகள் கடை வைத்தன. ‘நாளைய உலகம்’ என்று பெயரிட்ட பகுதியிலோ கம்பெனிகளைத் தவிர வேறொன்றும் ஏறக்குறைய இல்லை. பணமும் காலமும் கைக்கு மிஞ்சிப் போனதால், அந்தப் பகுதியைப் பிற்பாடு திறக்கலாமென்றுகூட ஒரு சமயம் ஒத்தி வைத்திருந்தார்கள். கடைசி மாதங்களில்தான் மனம் மாறி, கிடைத்ததை வைத்து நிரப்பினார்கள். அங்கே காட்டப்பட்டது 1986-ஆம் ஆண்டின் உலகம் என்பது சங்கற்பம். அந்த உலகத்தில் கெய்ஸர் கம்பெனி அலுமினியத்தின் மகிமையைக் கூறும் கூடம் ஒன்றை வைத்தது, டச்சு பாய் கம்பெனி சுவர்ப் பூச்சுகளை வைத்தது, மான்சான்டோ, நிலக்கரி, உப்பு, பெட்ரோலியம் முதலிய மூலப்பொருட்களைப் பெருங் குழாய்களில் நிரப்பி ரசாயனத்தின் பெருமையைப் போதித்தது, டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனி சந்திரனுக்கு ராக்கெட் விட்டது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பெனி, பதினொரு காமிராக்களால் எடுத்துப் பார்வையாளரைச் சுற்றிலும் வட்டமாகக் காட்டும் சினிமாவை உபயம் செய்தது; இது ஒன்று மெய்யாகவே புதுமையானது என்பதில் ஐயமில்லை. மறு வருஷம் கிரேன் கம்பெனி எதிர்காலத்துக் குளியலறையைக் கொண்டுவந்தது. பொன் முலாம் பூசிய குழாய்களைத் திருகிப் பார்ப்பதற்காக நுழைவுச் சீட்டு வாங்கிய ஜனங்களின் பொறுமையை வியக்க வேண்டியதே.

இந்த வரிசையில் நின்று பேசத்தக்கது, 1957 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்ட மான்சான்டோவின் ‘எதிர்கால வீடு’. மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமில்டன், மார்வின் குடி என்னும் கட்டடக் கலைஞர்கள் திட்டமிட்டுத் தந்த அந்த வீடு, நடுவில் ஒரே ஒரு தண்டின் மேல், நான்கு திசைகளிலும் நான்கு சிறகுகளாக அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. சுவர், கூரை, தரை, நாற்காலி, தட்டு, திரைச்சீலை என்று எங்கு நோக்கினும் பிளாஸ்டிக். மரத்துக்கும் கல்லுக்கும் அங்கே வேலையில்லை. நுண்ணலை அடுப்பும், முகம் பார்த்துப் பேசும் டெலிபோனும், தட்டுகளை ஒலி அலையால் கழுவும் பாத்திரமும் இருந்தன. பத்தாண்டுகளில் இரண்டு கோடிப் பேர் அதற்குள் நடந்து சென்றார்கள். மான்சான்டோவின் உத்தேசம் வீடு விற்பதன்று. வீடு கட்டுவோர் மனத்தில் பிளாஸ்டிக் என்பது மலிவுப் பொம்மைகளுக்கு மட்டும் உரியதல்ல என்ற எண்ணத்தை விதைப்பதே அதன் உத்தேசம். 1967-ஆம் ஆண்டின் இறுதியில் வீட்டை இடிக்க முற்பட்டபோது, ஒரே நாளில் முடித்துவிடலாமென்று இரும்புக் குண்டை வீசினார்கள். குண்டு மோதித் திரும்பி வந்தது. சங்கிலி பூட்டி இழுத்தும் அறுத்தும் இரண்டு வாரம் போராடித்தான் அதை அகற்ற முடிந்தது. தன் சரக்கின் உறுதிக்கு இதைக் காட்டிலும் சிறந்த விளம்பரம் மான்சான்டோ செய்ததில்லை; அதைப் பார்ப்பதற்குச் சீட்டு வாங்கிய கூட்டந்தான் அங்கே இல்லை.

குத்தகைக் காலம் இவ்விதம் நடந்துகொண்டிருக்கையில் டிஸ்னியின் யோசனை வேறு பக்கம் சென்றது. 1960-ல் ஏ.பி.சி.யின் பங்கைச் சுமார் 75 லட்சம் டாலருக்கு மீட்டுக்கொண்டதோடு, பூங்கா அவர் வசமாகிவிட்டது. இனிக் கடை வாடகைக்காகக் கம்பெனிகளை நாட வேண்டியதில்லை. ஆனால் பேசும் பதுமைகளையும் புதிய வாகனங்களையும் பரிசோதனை செய்து உருவாக்குவதற்கு ஆகும் செலவை எந்தப் பங்குதாரரும் ஒப்ப மாட்டார். அந்தச் சமயத்தில், நியூயார்க்கின் சர்வாதிகாரி என்று சொல்லத்தக்க ராபர்ட் மோஸஸ், 1964–65-ஆம் ஆண்டுகளில் மற்றோர் உலகப் பொருட்காட்சி நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அமெரிக்கப் பெருங் கம்பெனிகள் ஒன்றையொன்று மிஞ்சும் மண்டபங்களைக் கட்டுவதற்குப் பணப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் என்ன வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தன. தமக்கு வேண்டிய ஆராய்ச்சியைப் பிறர் செலவில் செய்துகொள்வதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று டிஸ்னி கண்டார். ஜெனரல் எலெக்ட்ரிக், ஃபோர்டு, பெப்ஸி-கோலா, இல்லினாய் மாகாணம் ஆகிய நால்வருக்கும் அவர் நான்கு காட்சிகளை அமைத்துக் கொடுத்தார்.

இந்த நான்கில் ஒவ்வொன்றும் உபயதாரருக்குக் கொடுத்தது ஒன்று, டிஸ்னிக்கு மிச்சப்படுத்தியது வேறொன்று. இல்லினாய் மாகாணத்துக்காக எழுந்து நின்று பேசிய ஆபிரகாம் லிங்கன் பதுமையில்தான், மனித உருவை அசைக்கும் நுட்பம் முதன்முதலாகப் பக்குவம் அடைந்தது. ஃபோர்டு மண்டபத்தில் ஜனங்கள் கம்பெனியின் புத்தம்புதிய மோட்டார்களிலேயே அமர்ந்து, பாதையில் பதித்த சக்கரங்கள் தள்ள, ஆதிகாலத்து மிருகங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பொருட்காட்சிக்குப் பின் அந்த ராட்சசப் பல்லிகள் கலிபோர்னியாவுக்கு வந்து ரயில் பாதையோரத்தில் குடியேறின. பெப்ஸியின் கதை எல்லோரும் அறிந்தது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு வணக்கமாக, பல தேசத்துக் குழந்தைப் பொம்மைகள் ஒரே பாட்டைப் பாட நடுவே படகில் செல்லும் அந்தக் காட்சியை, பொருட்காட்சி தொடங்க ஓராண்டுகூட இல்லாத நிலையில், கம்பெனியின் நிர்வாக சபையில் இருந்த நடிகை ஜோன் கிராஃபோர்டு வற்புறுத்தியதன் பேரில் ஒப்புக்கொண்டார்கள். மேரி பிளேர் வண்ணம் வகுத்தார்; ஷெர்மன் சகோதரர்கள் பாட்டெழுதினார்கள். படகை நீர்ப்பாய்ச்சலால் தள்ளுவதற்கு அங்கே கண்ட உபாயம், நடந்து பார்க்கும் மெழுகுப் பொம்மைக் கூடமாகத் திட்டமிடப்பட்டிருந்த கடற்கொள்ளைக்காரர் காட்சியை, 1967-ல் படகுச் சவாரியாக மாற்றிவிட்டது. பெப்ஸிக்குக் கிடைத்தது இரண்டு கோடைக்காலப் புகழ். அந்தப் பொம்மைகள் 1966-ல் ஆனஹைமுக்கு வந்தபோது வாயிலில் எழுதப்பட்ட பெயர் பாங்க் ஆஃப் அமெரிக்கா!

ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ‘முன்னேற்றச் சக்கரம்’ இந்நான்கில் மிகவும் கருத்தோடு கவனிக்கத்தக்கது. நடுவில் மேடைகள் அசையாமல் நிற்க, அவற்றைச் சுற்றிப் பார்வையாளர் அமர்ந்த மண்டபமே சக்கரம்போல் சுழலும். ஒரு குடும்பம் கை விளக்கும் பனிப்பெட்டியுமாக இருந்த காலத்திலிருந்து, கிறிஸ்துமஸ் இரவில் மின்சாரமே வீட்டு வேலை எல்லாம் செய்யும் காலம் வரையில் நான்கு காட்சிகளாக நடைபெறும். கதை சொல்பவர் தகப்பனார், கதாநாயகன் மின்சாரம். வர இருக்கும் நாளை எவ்வளவு அழகானது என்று புகழும் பாட்டு காட்சிகளை இணைத்தது. 1967-ல் கலிபோர்னியாவுக்கும், 1975-ல் ஃப்ளோரிடாவுக்கும் இந்தச் சக்கரம் குடிபெயர்ந்தது. ஃப்ளோரிடாவுக்குப் போனபோது, நாளையைப் புகழும் பாட்டு கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு இன்னும் நல்ல குளிர்பெட்டி வரும் என்று ஜனங்கள் காத்திருந்துவிட்டால் இன்றைக்கு இருக்கிற சரக்கை யார் வாங்குவது? ஆகவே அதே சகோதரர்களைக் கொண்டு, இன்றுதான் பொற்காலம் என்ற கருத்தில் புதுப் பாட்டு ஒன்று எழுதுவித்தார்கள். கம்பெனி 1985-ல் விலகியது. 1993-ல் பழைய பாட்டு திரும்பி வந்தது. நாளை என்பது எப்பொழுது வரும் என்பதைக்கூட விற்பனை இலாகா தீர்மானித்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதே 1967-ல் மான்சான்டோ, தன் பிளாஸ்டிக் வீட்டுக்குப் பதிலாக, பார்வையாளரை அணுவளவு சுருக்கிப் பனித்துகளுக்குள் அனுப்புவதாகப் பாவனை செய்யும் ‘உள்வெளிப் பிரயாண’த்தைத் தொடங்கியது; அந்தச் சவாரி 1985 வரை நடந்தது. சவாரியாக அது மிக நேர்த்தியானது. நான் குறை சொல்லப் போவது அதையன்று. அதை நடத்திய கம்பெனி, ரேச்சல் கார்ஸன் பூச்சிமருந்துகளைக் கண்டித்து எழுதியபோது அவரைப் பரிகசித்துத் தன் பத்திரிகையில் ஒரு கற்பனைக் கட்டுரை வெளியிட்டது. சவாரி தொடங்கிய அந்த வருஷத்தில் வியட்நாமின் காடுகள் மேல் தெளிக்கப்பட்ட இலையுதிர் மருந்தைச் செய்து கொடுத்தவர்களில் ஒருவராகவும் இருந்தது. சவாரி முடிந்து வெளியே வருகிறவர்களின் காதில் விழுந்ததோ, மூலக்கூறுகள் புரியும் அற்புதங்களைப் பற்றிய இனிய பாட்டு.

டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். அதற்குச் சில வாரங்களுக்கு முன் எடுத்த படம் ஒன்றில், ஃப்ளோரிடாவில் தாம் கட்ட நினைத்த எதிர்கால நகரத்துக்கு அமெரிக்கக் கைத்தொழிலின் ஒத்துழைப்பு இன்றியமையாதது என்று அவர் வேண்டியிருந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் நகரத்தை விட்டுவிட்டார்கள். ஒத்துழைப்பை மட்டும் விடவில்லை. 1982 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்ட ‘எப்காட்’, நிரந்தரமாக நிறுத்தி வைத்த ஓர் உலகப் பொருட்காட்சி. நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செலவில், ஒவ்வொரு மண்டபத்தையும் ஒரு கம்பெனி ஏறக்குறையப் பத்தாண்டு உடன்படிக்கையின் பேரில் ஏற்றது. முதலில் கையெழுத்திட்டது ஜெனரல் மோட்டார்ஸ். அடுத்தது எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி. போக்குவரத்தின் சரித்திரம் மோட்டார்க் கம்பெனிக்கு, சக்தியின் சரித்திரம் எண்ணெய்க் கம்பெனிக்கு, நிலத்தின் சரித்திரம் கிராஃப்ட் உணவுக் கம்பெனிக்கு, கற்பனையின் சரித்திரம் கோடக்குக்கு, செய்தித் தொடர்பின் சரித்திரம் பெல் டெலிபோனுக்கு என்று மானிட ஞானமே பாகப் பிரிவினை ஆயிற்று.

மண்டபங்களின் மேல்மாடியில், அந்தந்தக் கம்பெனியின் அதிகாரிகளும் விருந்தினரும் இளைப்பாறுவதற்குச் சாமானியர் கண்ணில் படாத கூடங்கள் இருந்தன; வரிசையில் நிற்காமல் அங்கிருந்தே சவாரிக்கு இறங்கலாம். நம் ஊர்த் திருவிழாவில் மண்டகப்படிக்காரர் வீட்டுக்கு முதல் மரியாதை உண்டல்லவா, அதே முறைதான். மண்டகப்படிக் குடும்பம் நொடித்துப் போனால் அந்த நாள் உற்சவம் களையிழந்து போவதையும் நாம் பார்த்திருக்கிறோம். எப்காட்டில் அது எந்த விதமாக நடந்தது என்பதற்குப் போகும் முன், பணம் போட்டவர்களின் கை காட்சிகளுக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்கு இரண்டொரு சம்பவம் போதும். கோடக் மண்டபத்தின் செல்லப் பிள்ளையான ‘ஃபிக்மென்ட்’ என்னும் குட்டி டிராகனுக்கு முதலில் பச்சை நிறந்தான் உத்தேசித்திருந்தார்கள். பச்சை, போட்டிக் கம்பெனியான ஃபியூஜியின் டப்பா நிறம்! டிராகன் ஊதா நிறமாயிற்று என்று அதை உருவாக்கியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸான் மண்டபத்தின் கூரையில் 80,000 சூரிய மின்கலங்களைப் பதித்து, உள்ளே நகரும் ஆசனங்களுக்கு வேண்டிய சக்தியில் ஒரு பகுதியை அதிலிருந்தே எடுத்தார்கள். எண்ணெய் விற்பவர் செலவில் சூரியனைத் துதித்த அந்தக் கூரையை நான் பரிகாசம் செய்ய மாட்டேன், ஏனெனில் அன்று அவ்வளவு பெரிய அளவில் அதைச் செய்ய முன்வந்தவர்கள் சிலரே. ஆயினும் 1989-ல் அதே கம்பெனியின் கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெயைக் கொட்டியபோது, குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த மண்டபத்துக்குள் நுழைந்த தாய் தந்தையர் வாயிற்பலகையை ஒரு முறைக்கு இரு முறை படித்திருப்பார்கள்.

உபயதாரர் கிடைக்காத ஞானத்துக்கு மண்டபமும் கிடைக்கவில்லை. மனித உடலைப் பற்றிய மண்டபம் ஏற்பார் இன்றித் தள்ளிக்கொண்டே போய், மெட்ரோபாலிடன் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி முன்வந்த பிறகு 1989-ல்தான் எழுந்தது. 2001-ல் அது விலக, மண்டபம் சில ஆண்டுகள் பகுதிநேரம் திறந்திருந்து 2007-ல் மூடப்பட்டது. தேசங்களுக்கும் இதே விதி. பூமத்திய ஆப்பிரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் படம் போட்டு அறிவித்தார்கள், பணம் சேரவில்லை. மொராக்கோவுக்கு மன்னரின் அரசாங்கமே ஸ்தபதிகளை அனுப்பி 1984-ல் கட்டுவித்தது. வாயிலில் நிற்கும் 180 அடி உயரக் கோளத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதை ஏற்ற பெல் சாம்ராஜ்யத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பதென்று அரசாங்கத்தோடு 1982 ஜனவரியிலேயே உடன்பாடாகிவிட்டது. மனிதகுலத்தை இணைத்த பெருமையைப் பேசும் அந்தக் கோளம் அதற்கு ஒன்பது மாதம் கழித்துத் திறக்கப்பட்டது.

உடன்படிக்கைகள் முடியும் காலம் தொண்ணூறுகளில் வந்தது. ஒரு சவாரிக்கு வயதாகும்போது அதைப் புதுப்பிக்கும் செலவில் உபயதாரர் பங்கு கொள்ள வேண்டும்; அவர் மறுத்தால் பதுமைகளின் கை கால்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும், விளக்குகள் அணையும், ஒரு நாள் கதவு மூடும். ‘முன்னேற்றச் சக்கர’த்தின் தொடர்ச்சியாக ஜெனரல் எலெக்ட்ரிக் 1983-ல் திறந்த ‘ஹொரைஸன்ஸ்’ மண்டபம், பாலைவனத்திலும் கடலடியிலும் ஆகாயத்திலும் மனிதர் குடியிருக்கப் போகும் நாட்களைக் காட்டி, எந்த வழியாக வீடு திரும்ப வேண்டுமென்பதைச் சவாரி செய்கிறவர்களே பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்கும்படி அமைந்தது. எப்காட் முழுவதற்கும் இதயம் போன்றது அது என்று கருதுகிறவர்கள் இன்றும் உண்டு. கம்பெனி 1993-ல் உடன்படிக்கையைப் புதுப்பிக்கவில்லை. மறு வருஷ இறுதியில் மண்டபம் மூடப்பட்டது. அக்கம் பக்கத்து மண்டபங்கள் இரண்டைப் பழுது பார்க்க நேர்ந்தபோது, கூட்டத்துக்கு வேறு போக்கிடம் வேண்டுமே என்பதற்காக அதை மீண்டும் திறந்து, அந்த வேலைகள் முடிந்ததும் 1999 ஜனவரியில் நிரந்தரமாகப் பூட்டி, 2000-ல் தரைமட்டமாக்கினார்கள். அதே இடத்தில் செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் புதிய சவாரிக்கு உபயதாரராகக் காம்பாக் கம்ப்யூட்டர் கம்பெனி கையெழுத்திட்டது. கட்டட வேலை முடிவதற்குள் அந்தக் கம்பெனியை ஹியூலெட்-பேக்கார்டு விழுங்கிவிட்டது. 2003-ல் சவாரி திறந்தபோது பலகையில் விழுங்கியவரின் பெயரை எழுதினார்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில், பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால், டிஸ்னி கம்பெனி தன் பணத்தைப் போடாமல் பெயரை மட்டும் கடன் கொடுத்த ஒரு பூங்கா 1983-ல் டோக்கியோவுக்கு அருகே எழுந்திருந்தது. அங்கே உபயதாரர்களை ஜப்பானியர் எவ்விதம் சேர்த்தார்கள், எவ்விதம் தக்க வைத்துக்கொண்டார்கள் என்பது அடுத்த பகுதிக்குரிய விஷயம்.

(தொடரும்)